கியர் எண்ணெயைத் தொடாதே என்பவர்களுக்கு...



இலக்கணமும் தேர்வுத்தாளும் பேசிவந்த இந்தப் பக்கத்தில் இன்று கியர் எண்ணெயைப் பற்றி எழுதப்போகிறேன். ஆசிரியருக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கான பதில் கட்டுரையின் ஊடே இருக்கிறது. பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

கடந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் நடந்தது இது. உடன் பணியாற்றும் நண்பர் ஒருவருக்கு அவருடைய மாமனாரின் பழைய மெர்சிடிஸ் வந்து சேர்ந்திருக்கிறது. 124 வரிசை, 1990-ஆம் ஆண்டு வண்டி, தானியங்கி கியர். மாமனார் தம் பிள்ளையைப்போல் காத்த மகிழுந்து. "கியர் எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?" என்று கேட்டேன். தெரியாது என்றார். "அப்படியானால் மாற்றிவிடுங்கள்" என்றேன். அவ்வளவுதான்! அறையிலிருந்த மூவர் ஒரே குரலில் பதறிவிட்டார்கள். "ஐயையோ, தொடாதீர்கள் சார்! பழைய வண்டியில் ஆட்டோ கியர் எண்ணெயை மாற்றினால் கியர் போய்விடும்!"

மூவரும் பட்டதாரிகள். அவர்களில் ஒருவர் ஆறாம் ஆண்டுக்கு அறிவியல் போதிக்கிறவர்.

யார் சொன்னது என்று கேட்டேன். பட்டறைக்காரர் சொன்னாராம். அவருக்கு யார் சொன்னது? இன்னொரு பட்டறைக்காரர். இப்படிக் காதுவழி வந்த செய்தியை நாம் மாணவர் கட்டுரையில் கண்டால் சிவப்பு மையால் கோடிடுவோம். பல்லாயிரம் வெள்ளி பெறும் பொருளைப்பற்றி நம்மிடமே சொன்னால் தலையாட்டுகிறோம்!

எனக்கு இதில் சினம் வருவதற்குக் காரணம் உண்டு.

என் அப்பா தோட்ட மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1999-ஆம் ஆண்டு, ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, 1988-ஆம் ஆண்டு வால்வோ 240 ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஷா ஆலாமில் பொருத்தப்பட்ட வண்டி. தோட்டத்துத் துரைமார்களின் வீட்டு வாசலில் நின்ற வண்டியை வாழ்நாள் முழுதும் தூரத்தில் நின்று பார்த்தவருக்கு அது வெறும் வண்டியன்று. அதற்கென ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். கறுப்பு எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய தூரம், டயர், பேட்டரி எல்லாம் அவருடைய கோணலான கையெழுத்தில் அதில் இருக்கும். 2006-ஆம் ஆண்டு வாக்கில் கியர் மாறும்போது வண்டி இலேசாக உதறத் தொடங்கியது. எண்ணெயை மாற்றலாமா என்று பட்டறையில் கேட்டார். "அங்கிள், பழைய வண்டி, தொட வேண்டாம். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்" என்றார் அங்கிருந்த தவுக்கே. அப்பா தொடவில்லை.

2009-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில், என் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருக்க, வண்டி நின்றது. இயந்திரம் உறுமுகிறது, சக்கரம் சுழலவில்லை. ஏதோ கருகிய நெடி. இழுவை வண்டி வர நான்கு மணி நேரம் ஆயிற்று. அப்பா சாலையோரக் கல்லில் உட்கார்ந்தபடி ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு கியர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது கிளட்ச் தகடுகளின் மேற்பூச்சு கரிந்து உதிர்ந்திருந்தது. வெட்டி விற்கும் கடையொன்றில் பழைய கியர்ப்பெட்டி வாங்கிப் பொருத்தினோம். என் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. அப்பாவின் குறிப்பேட்டைப் பின்னர் புரட்டினேன். ‘கியர் எண்ணெய்’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் வேறொன்றும் இல்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது.

சரி, செய்திக்கு வருவோம். தானியங்கி கியர்ப்பெட்டியில் எண்ணெய் என்னதான் செய்கிறது? கையால் மாற்றும் கியரில் அது பெரும்பாலும் பற்சக்கரங்களை வழவழப்பாக வைத்திருக்கும் பொருள். தானியங்கியில் கதையே வேறு. இயந்திரத்தின் சுழற்சி கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் வழியாகவே செல்கிறது. டார்க் கன்வர்ட்டர் என்னும் உருண்டைக் கலத்துக்குள் ஒரு விசிறி எண்ணெயைச் சுழற்றுகிறது. அந்த எண்ணெய் எதிரேயுள்ள விசிறியைச் சுழற்றுகிறது. எந்தக் கியர் எப்போது என்று முடிவு செய்வதும் அக்காலத்து வண்டிகளில் பெரும்பாலும் எண்ணெயின் அழுத்தந்தான். கிளட்ச் தகடுகளை இறுக்கிப் பிடிப்பதும் அதே அழுத்தம். அந்தத் தகடுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்தக் கணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை எண்ணெயில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் தீர்மானிக்கின்றன. இத்தனையும் செய்துவிட்டு, வெப்பத்தைச் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது.

இவ்வளவு வேலை செய்யும் திரவம் 20 ஆண்டுகள் கெடாமல் இருக்கும் என்று நம்ப எப்படித்தான் மனம் வருகிறதோ! வெப்பத்தில் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தடிக்கிறது, வேதிக்கலவை தேய்கிறது, தகடுகளிலிருந்து உதிரும் பொடி அதில் மிதக்கிறது. நம் நாட்டு வெயிலும், கோலாலம்பூர் நெரிசலும், மலையேற்றமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வேளைக்கு வேளை கறுப்பு எண்ணெய் மாற்றுகிறவர்கள் கியர் எண்ணெயை மட்டும் கருவறையாக்கிப் பூட்டிவைக்கிறார்கள். ‘தானியங்கி’ என்னும் சொல்லே நம்மை ஏமாற்றிவிட்டதோ என்று சில வேளை நினைப்பதுண்டு. தானாக இயங்கும் என்றால் தன்னைத் தானே பேணிக்கொள்ளும் என்று பொருளா?

இனி அந்த மூவரின் வாதம். "மாற்றினார்கள், உடனே போய்விட்டது. கண்ணால் பார்த்தேன்" என்கிறார்கள். பார்த்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் உற்றறிதல் வேறு, ஊகித்தல் வேறு என்று நாம்தானே வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம்? எண்ணெய் மாற்றியதும் கியர் போனதும் உற்றறிந்தவை. மாற்றியதால் போனது என்பது ஊகம். அந்த வண்டியின் சொந்தக்காரர் எப்போது எண்ணெய் மாற்றப் போனார் என்று யாராவது கேட்டார்களா? கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு, உதறல் தாங்காத நிலையில், கடைசி நம்பிக்கையாகப் போயிருப்பார். தகடுகள் அப்போதே தேய்ந்து முடிந்திருக்கும். தற்சார்பு மாறியாக எண்ணெயை மட்டும் வைத்துவிட்டு, மற்றவற்றில் எதையுமே கட்டுப்படுத்தாத ஆய்வு அது! ஆறாம் ஆண்டு மாணவன் இப்படி எழுதினால் எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?

என் அப்பா அடிக்கடி ஒன்றைச் சொல்லி வருந்துவார். தோட்டத்தில் அந்தக் காலத்தில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுவரமாட்டார்களாம். "ஆஸ்பத்திரிக்குப் போனவன் பிணமாகத்தான் வருவான்" என்பார்களாம். கைவைத்தியம், மந்திரிப்பு எல்லாம் முடிந்து, மூச்சு இழுக்கும்போது தூக்கி வருவார்கள். ஆள் போய்விடுவான். "பார்த்தாயா, நான் அப்பவே சொன்னேன்" என்று ஒருவன் வாசலில் நின்று சொல்வானாம். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனம் வெதும்பிய மனிதர்தான், தம் வண்டி விஷயத்தில் அதே பேச்சை நம்பிவிட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. அன்று அருகிலிருந்து கையேட்டைப் புரட்டிப் பார்க்காத படித்த மகன் ஒருவன் உண்டு. குற்றம் அவனுடையது.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அளவுகோலை உருவி முகர்ந்தால் கருகிய நெடி, நிறம் கறுப்பு, வண்டி கியரில் வழுக்குகிறது. இந்த நிலையில் புதிய எண்ணெய் எதையும் மீட்டுத் தராது. உதிர்ந்த பொடியே ஓரளவு பிடிப்பைத் தந்துகொண்டிருந்தது, அதையும் அகற்றிவிட்டால் வழுக்கல் கூடும் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சொல்வார்கள். அதை முழுப் பொய் என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. ஆனால் அது சாகும் தறுவாயில் உள்ள பெட்டியைப் பற்றிய பேச்சு. நன்றாக ஓடும் வண்டிக்கும் அதையே சட்டமாக்குவது என்ன நியாயம்? நண்பரின் மெர்சிடிஸ் வழுக்கவில்லை. எண்ணெய் பழுப்பேறியிருக்கிறது; நெடி இல்லை. இதுதான் மாற்ற வேண்டிய நேரம்.

உற்பத்தியாளர்களும் இந்த மூடநம்பிக்கைக்கு எண்ணெய் ஊற்றினார்கள் என்பேன். 1990-களின் பிற்பகுதியிலிருந்து சில நிறுவனங்கள் ‘வாழ்நாள் எண்ணெய்’ என்று அறிவித்து, அளவுகோலையே எடுத்துவிட்டுக் குழாயை மூடின. யாருடைய வாழ்நாள்? வண்டியினுடையதா, உத்தரவாதக் காலத்தினுடையதா? பல நிறுவனங்களுக்குக் கியர்ப்பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமோ, தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. நம் பேச்சிலுள்ள பழைய வண்டிகளுக்கு அந்தக் குழப்பமே இல்லை. 124 வரிசைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்ற வேண்டும் என்பது வண்டி புதிதாக வந்த நாளிலிருந்தே உள்ள ஏற்பாடு. யாரும் மறைக்கவில்லை, நாம் வாசிக்கவில்லை. மாணவனிடம் ‘வினாவை நன்றாக வாசி’ என்று நாள்தோறும் கத்துகிற நமக்குக் கையேடு மட்டும் கசக்கிறது.

எண்ணெய் மாற்றியதால் கெட்ட வண்டிகளும் இருக்கின்றன. அவற்றைக் கெடுத்தது மாற்றிய விதம்.

முதல் தவறு எண்ணெயின் வகை. சிவப்பாக இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறார்கள். அந்தச் சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் எது ஒழுகுகிறது என்று அடையாளம் காணக் கலப்பது. ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த டெக்ஸ்ரான் வகையும் ஃபோர்டின் எஃப் வகையும் உராய்வுத் தன்மையில் வேறானவை. வால்வோ 240-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1984-க்கு முந்தைய தானியங்கிப் பெட்டிகளுக்கு எஃப் வகை. அதன் பிறகு வந்தவற்றுக்கு டெக்ஸ்ரான். ஒரே வடிவ வண்டி, ஒரே சாலை, இரண்டு எண்ணெய்! (இடையில் ஒரு செய்தி, வகுப்பில் சொல்ல உதவும். 1960-களில் வந்த முதல் டெக்ஸ்ரான் எண்ணெயில் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது. 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழிந்துவரும் உயிரினமாக அறிவித்துத் தடை விதித்த பிறகு வேதியலர்கள் மாற்று தேட வேண்டியதாயிற்று. கியருக்காகக் கடலில் உயிர்கள் செத்த காலம் ஒன்று இருந்தது.)

இரண்டாவது தவறு, பாதி வேலை. அடித்தட்டின் திருகைக் கழற்றி வடிந்ததை அளந்து பார்த்தால் மொத்தத்தில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும். மீதி டார்க் கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். அந்தக் கால மெர்சிடிஸில் அதற்கும் தனி வடிகால் திருகு உண்டு. இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால் கீழேயுள்ள திறப்பின் வழியே அந்தத் திருகு கண்ணுக்குத் தெரியும். எத்தனை பட்டறைகளில் இதைத் தேடுகிறார்கள்? அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியையும் கேஸ்கெட்டையும் மாற்றாமல் எண்ணெயை மட்டும் ஊற்றி அனுப்புகிறவர்களும் உண்டு.

மூன்றாவது, அழுத்தத்தில் எண்ணெயைச் செலுத்தி உள்ளே கழுவும் இயந்திரம். ஆண்டுக்கணக்கில் படிந்த கசடை அது கிளப்பி வால்வுகளின் நுண்ணிய துளைகளுக்குள் அனுப்பினால் என்ன ஆகும்? பழைய வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காவது தவறு, அளவு. இதில்தான் மிகுதியும் கோட்டை விடுகிறார்கள். கறுப்பு எண்ணெயை இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். கியர் எண்ணெயை இந்த வண்டிகளில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சமதரையில், கியர் பி-இல் நிற்க, நன்கு சூடேறிய பிறகு பார்க்க வேண்டும். நிறுத்திப் பார்த்தால் தவறான அளவே கிடைக்கும். அது தெரியாமல் ஊற்றினால் குறையும் அல்லது மிகும். குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். மிகுந்தால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் அழுத்தம் போய்க் கியர் வழுக்கும். உடனே, "பார்த்தீர்களா, மாற்றியதால்தான்!" என்று ஒருவர் வாசலில் வந்து நிற்பார். அளவுகோலைத் துடைக்கும் துணிகூட நூல் உதிராததாக இருக்க வேண்டும். என் மனைவியின் பழைய பருத்திச் சேலைத் துண்டால் துடைக்கப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டது எண்ணெயாலன்று!

2009-இல் பொருத்திய பெட்டிக்கு அன்று முதல் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றி வருகிறேன். இதுவரை வழுக்கவில்லை. ஒரு வண்டி சான்றாகாது என்று தெரியும். அதனால்தான் காரணங்களை முதலில் எழுதினேன். இந்த வேலையைச் செய்து தருபவன் என் முன்னாள் மாணவன். ஆறாம் ஆண்டுத் தேர்வில் அவன் பெற்ற மதிப்பெண்களை இங்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் ‘கவனம் போதாது’ என்று எழுதியவன் நான்தான். அந்தக் கவனம் போதாதவன் செய்வதைக் கேளுங்கள். வண்டியை நான்கு தாங்கிகளின் மேல் நிறுத்துவான். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகமாட்டான். எண்ணெய் கையைச் சுடாத சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பான். அடித்தட்டைக் கழற்றி அதில் படிந்துள்ளதை விரலால் தேய்த்து எனக்குக் காட்டுவான். சாம்பல் நிற மாவுபோல் இருந்தால் இயல்பான தேய்மானம். உலோகச் சீவல் இருந்தால் ஆபத்து. வடிகட்டியைத் துப்புரவு செய்து, புதிய கேஸ்கெட் வைத்து, திருகுகளை அளவாக இறுக்குவான். வடிந்ததைப் புட்டிகளில் அளந்து, அதே அளவு புதியதை ஊற்றுவான்.

என் வால்வோவின் கன்வர்ட்டருக்கு வடிகால் திருகு இல்லை. ஆகவே ரேடியேட்டரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றிப் புட்டிக்குள் விடுவான். நான் இயந்திரத்தை இயக்குவேன். வண்டியின் சொந்தப் பம்பே பழைய எண்ணெயைத் தள்ளும். இரண்டு லிட்டர் வந்ததும், "நிறுத்துங்க சார்!" என்பான். நிறுத்துவேன். இரண்டு லிட்டர் ஊற்றுவான். மறுபடியும் இயக்குவேன். தெளிந்த சிவப்பு வரும்வரை இப்படி. மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 7.5 லிட்டர், கையில் பத்து லிட்டர் இருந்தால் கவலையில்லை. வடிந்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றினால் சட்டப்படிக் குற்றம் என்று அவனே எனக்குச் சொன்னான். பட்டறைக் கொள்கலனில் சேர்த்துவிடுகிறான்.

அவனுடைய தாயாரைச் சென்ற தைப்பூசத்தில் கோயிலில் பார்த்தேன். மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டதற்குக் குரலைத் தாழ்த்தி, "பட்டறையிலதான் சார் இருக்கான்" என்றார். ‘தான்’ என்னும் அந்த ஓர் இடைச்சொல்லில் எத்தனை வெட்கம்! பெற்றோர்களே, அந்த வெட்கத்தை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தாம். ‘படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்’ என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அளந்து, எழுதிவைத்து, காரணம் கேட்டு வேலை செய்யும் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்ப நாம் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தால், அங்கே ‘தொடாதே’ என்று சொல்கிறவர்கள்தாம் மிஞ்சுவார்கள். பிறகு அவர்களிடம்தான் நம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவோம்.

அந்த அறிவியல் ஆசிரியர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "கியர் போனால் நீங்கள்தான் பொறுப்பு" என்று நண்பர் முன்னிலையிலேயே சொன்னார். பொறுப்பேற்பதாகச் சொல்லிவிட்டேன். நண்பரின் இல்லத்தரசிக்கு அது அப்பாவின் வண்டி. அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். வடிகட்டி, கேஸ்கெட், எட்டு லிட்டர் எண்ணெய் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாணவன் வருகிறான். அப்பாவின் குறிப்பேட்டைப்போல் நண்பருக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ஓடிய தூரத்தை அவரே எழுதட்டும்.